இழந்துவிடுவோமோ என்னும் அச்சமும் இறைநம்பிக்கையும்

முன்னுரை

கோயிலிலும் தர்காவிலும் மாதா கோயிலிலும் மக்கள் வைக்கும் வேண்டுதல்களைக் காதுகொடுத்துக் கேட்டால், அவற்றில் பெரும் பகுதி புதிதாக எதையும் கேட்பதில்லை. இருப்பது போய்விடக் கூடாதே என்றுதான் கேட்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் பத்திரமாகத் திரும்ப வேண்டும். பயாப்சி முடிவு நல்லபடியாக வர வேண்டும். அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகக் கூடாது. தாலி நிலைக்க வேண்டும். இழப்பு இன்னும் நேரவில்லை. ஆனால் அதைப் பற்றிய அச்சம் ஏற்கெனவே வீட்டுக்குள் குடியேறி, தூக்கத்தையும் பசியையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

இந்த அச்சத்தை இறைநம்பிக்கை போக்குமா? போக்கும் என்றால் எந்த வழியில்? போக்காத இடங்களும் உண்டா? சமயங்கள் இந்தக் கேள்விக்கு ஒரே விடையைத் தரவில்லை. ஒரே சமயத்துக்குள்ளேகூட மூன்று விடைகள் அருகருகே வாழ்கின்றன. ‘நீ இழக்காமல் கடவுள் காப்பார்’ என்பது ஒன்று. ‘நீ இழப்பது உன்னுடையதே அல்ல’ என்பது இரண்டாவது. ‘இழந்தால் கடவுளோடு வழக்காடலாம், அவர் கேட்பார்’ என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் சைவ, வைணவ, இசுலாமிய, யூத, கிறித்தவ மரபுகளில் இருந்து எடுத்துப் பார்த்து, நவீன உளவியல் ஆய்வுகளோடும் பகுத்தறிவாளர்களின் மறுப்போடும் உரசிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சத்தின் கணக்கு

டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பொருளியல் சிந்தனையையே திருப்பிப் போட்டது. ஆயிரம் ரூபாய் கிடைக்கும்போது வரும் மகிழ்ச்சியைவிட, அதே ஆயிரம் ரூபாய் தொலையும்போது வரும் வலி பெரியது என்பது அதன் சாரங்களில் ஒன்று. பின்னர் அவர்களே செய்த கணிப்பின்படி அந்த வலி ஏறத்தாழ இரண்டு மடங்கு. கானமனுக்கு 2002-ல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. சூதாட்டப் பந்தயங்களை வைத்துச் செய்த சோதனைகள்தான் என்றாலும் வீட்டு அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது. வேலை கிடைத்த மகிழ்ச்சி சில மாதங்களில் பழகிவிடும்; அந்த வேலை போய்விடுமோ என்ற கவலை பழகுவதே இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உடைமை பெருகப் பெருக அச்சமும் பெருகும். விவிலியத்தின் யோபு நூல் இதை நுட்பமாகக் காட்டுகிறது. யோபுவை எல்லோரும் இழப்பைத் தாங்கியவராகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். இழப்பதற்கு முன் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. ஏழு மகன்கள், மூன்று மகள்கள், 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள் என்று நிறைவாக இருந்த காலத்திலும், பிள்ளைகள் விருந்து முடித்துப் போனதும் அவர் அதிகாலையில் எழுந்து ஒவ்வொருவருக்காகவும் பலி செலுத்துவார். ஒருவேளை அவர்கள் உள்ளுக்குள் பாவம் செய்திருந்தால் என்ன ஆவது என்ற கவலை. எல்லாம் போன பிறகு அவர் புலம்பும்போது, தாம் எதற்கு அஞ்சினாரோ அதுவே தமக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்கிறார். அப்படியானால் செழிப்பின் நடுவிலும் அந்த மனிதர் அச்சத்தோடுதான் இருந்திருக்கிறார். அவருடைய பக்தியில் ஒரு பகுதி அச்சத்தின் வேலையாக இருந்திருக்கிறது. பக்தி அச்சத்தைப் போக்குகிறதா, அல்லது அச்சமே பக்தியின் வேடத்தில் நடமாடுகிறதா என்ற கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதல் விடை: காப்பான்

மக்களிடம் மிகுதியாகப் புழங்குவது காவல் என்னும் விடைதான். தாயத்து, மஞ்சள் துணியில் முடிந்து வைக்கும் காசு, நேர்த்திக்கடன், பரிகாரம் எல்லாம் இந்த வகை. மயிலாடுதுறை வட்டாரத்தில் உள்ள திருக்கடையூர் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. 16 வயதே ஆயுள் என்று விதிக்கப்பட்ட மார்க்கண்டேயனைக் காக்க, சிவன் எமனையே உதைத்த தலம் என்பது அதன் புராணம். 60 வயது நிறைந்தவர்கள் சஷ்டியப்த பூர்த்திக்கும் 80 வயது நிறைந்தவர்கள் சதாபிஷேகத்துக்கும் அங்கே போகிறார்கள். பேரன் பேத்திகள் சூழ, முதிய தம்பதி மறுபடியும் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். துணையை இழந்துவிடுவோமோ என்று இருவரும் வெளியே சொல்லாத அச்சத்தைக் குடும்பமே கூடி ஒரு விழாவாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. அதை மூடப்பழக்கம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. அச்சத்துக்கு உருவம் கொடுத்து, செய்வதற்கு ஒரு காரியமும் கொடுத்து, தனிமையையும் போக்குகிறது.

ஆனால் காவல் என்னும் விடைக்கு ஒரு பலவீனம் உண்டு. இழப்பு நேர்ந்துவிட்டால் அதனிடம் பதில் இல்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் யாத்திரிகர்கள் கூட்டம். சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. வேளாங்கண்ணிக் கடற்கரையில் இறந்தவர்களில் பலர் மாதாவைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்பதைப் புதுமையாகச் சொல்லும் பக்தர்கள் உண்டு. உள்ளே இருந்து பிழைத்தவருக்கு அது புதுமைதான். மணலில் பிள்ளையைத் தொலைத்தவருக்கு அதே செய்தி என்னவாகக் கேட்டிருக்கும்? ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று சொல்லத் தலை மிஞ்சியிருக்க வேண்டும்.

அதைவிட மோசமான விளைவு, பழி தன் பக்கம் திரும்புவது. காப்பான் என்று நம்பி, காக்கப்படாமல் போனால், தவறு எங்கே என்று மனம் தேடும். நேர்த்திக்கடனைத் தள்ளிப்போட்டோமோ, தீட்டோடு போனோமோ, மன்றாட்டில் குறை வைத்தோமோ என்று தன்னையே குதறிக்கொள்ளும். கொடுத்தால் கிடைக்கும், தவறினால் பறிபோகும் என்ற கொடுக்கல் வாங்கலாக வழிபாடு சுருங்கும்போது, பழைய அச்சத்தோடு தெய்வ அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாம் விடை: அடைக்கலப் பொருள்

இரண்டாவது விடை உடைமை என்ற எண்ணத்தின் வேரிலேயே கைவைக்கிறது. நம்மிடம் இருப்பவை நம்முடையவை அல்ல. பாதுகாக்கச் சொல்லி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. உரியவர் கேட்கும்போது திருப்பித் தர வேண்டும். தமிழ் முசுலிம்கள் இதை அமானிதம் என்பார்கள். இந்தக் கருத்தை விளக்க மூன்று சமயங்கள் சொல்லும் மூன்று கதைகள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருக்கின்றன.

நபிமொழித் தொகுப்புகளில் உம்மு சுலைம் என்ற பெண்மணியின் செய்தி வருகிறது. கணவர் அபூ தல்ஹா வெளியே போயிருந்தபோது நோயுற்றிருந்த பிள்ளை இறந்துபோனது. தாமே கணவரிடம் சொல்லும்வரை யாரும் சொல்லக் கூடாது என்று வீட்டாரைத் தடுத்துவிட்டார். கணவர் வந்தார், மனைவி உணவு பரிமாறினார், இரவு கழிந்தது. பிறகு அவர் கணவரிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு குடும்பத்தார் இரவல் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டால், வாங்கியவர்கள் மறுக்கலாமா? கூடாது என்றார் கணவர். அப்படியென்றால் உங்கள் மகன் விஷயத்தில் பொறுமையாக இருங்கள் என்றார் மனைவி. அபூ தல்ஹா முதலில் கோபப்பட்டார் என்பதையும் அந்தச் செய்தி மறைக்கவில்லை.

யூத மரபில், நீதிமொழிகளுக்கான பழைய விளக்க நூல் அறிஞர் மெயிரின் மனைவி பெரூரியாவைப் பற்றிச் சொல்கிறது. ஓய்வுநாளில் அவர்களுடைய இரண்டு மகன்களும் இறந்துவிட்டனர். தாய் உடல்களைத் துணியால் மூடி வைத்துவிட்டு, ஓய்வுநாள் முடியும்வரை கணவரிடம் சொல்லவில்லை. பிறகு அடைக்கலமாக வைத்த பொருளைக் கொடுத்தவர் கேட்டால் தர வேண்டுமா என்று கேட்டார்.

பெரியபுராணத்தில் திங்களூர் அப்பூதியடிகள். திருநாவுக்கரசரை நேரில் பாராமலே பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரை வைத்தவர். நாவுக்கரசரே வீட்டுக்கு வந்துவிட, அவருக்கு அமுது படைக்க வாழைக்குருத்து அரியப் போன மூத்த மகனைப் பாம்பு தீண்டியது. ஓடிவந்து இலையைத் தாயிடம் கொடுத்துவிட்டு விழுந்தான். பெற்றோர் உடலை மறைத்து வைத்துவிட்டு, அடியாரைச் சாப்பிட அழைத்தனர். மகனைக் கூப்பிடுங்கள் என்று அவர் கேட்க, உண்மை வெளிவந்தது. நாவுக்கரசர் பதிகம் பாட, பிள்ளை எழுந்தான். மகன் உயிர்பெற்றதைக் கண்ட பெற்றோர், அடியார் அமுது செய்யத் தடை வந்ததே என்று வருந்தியதாகச் சேக்கிழார் எழுதுகிறார்.

மூன்றிலும் இறந்த பிள்ளை மறைக்கப்படுகிறது. மூன்றிலும் அந்தச் சுமையில் பெரும்பங்கு தாயின் தலையில் விழுகிறது. இன்றைய வாசகருக்கு இது நெருடும், நெருடத்தான் வேண்டும். துக்கத்தை விழுங்கிவிட்டுப் பரிமாறுவது பெண்ணின் கடமை என்று இந்தக் கதைகளைப் படிப்பது எளிது; அப்படிப் படித்தவர்கள் ஏராளம். ஆனால் முதல் இரண்டு கதைகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடைக்கலப் பொருள் என்ற வாதத்தைச் சொல்பவர் யார்? போதகரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லவில்லை. பெற்றவளே சொல்கிறாள். அந்தப் பிள்ளையை இழந்தவளுக்கு மட்டுமே அதைச் சொல்ல உரிமை இருக்கிறது. அதனால்தான் அந்தச் சொல்லுக்கு அத்தனை கனம். அதே சொல்லைத் துக்கம் கேட்க வந்தவர் சொல்லியிருந்தால் அது கொடுமையாக மாறியிருக்கும்.

அச்சத்தை இந்த விடை எப்படிக் குறைக்கிறது? என்னுடையது என்று பிடித்துவைத்திருக்கும்போது, எந்த நேரமும் யாரோ பறிக்க வருகிறார்கள் என்ற பதற்றம் இருக்கும். ஒப்படைக்கப்பட்டது என்று கொண்டால், நம் வேலை நல்லபடியாகப் பார்த்துக்கொள்வதோடு முடிகிறது. எத்தனை நாள் என்பது நம் கையில் இல்லை. பாசம் குறைவதில்லை, உரிமை கொண்டாடுவது குறைகிறது. நிலையாமையை உணர்வதால் பற்று தளர வேண்டும் என்பதைத் திருக்குறளும் 34, 35-ஆம் அதிகாரங்களில் பேசுகிறது. வேறுபாடு என்னவென்றால், அங்கே விடுவது மட்டும் உண்டு. இறைநம்பிக்கையில் விடுவதை வாங்கிக்கொள்ள ஒரு கை உண்டு.

திருவரங்கம், 1323

ஒப்படைப்பை ஒரு முழுமையான கோட்பாடாகவே வளர்த்தவர்கள் வைணவ ஆசாரியர்கள். சரணாகதி செய்பவன் தன்னைக் காக்கும் பொறுப்பையே பெருமாளிடம் ஒப்படைத்துவிடுகிறான். அதற்குப் பின் உயிர் செய்ய வேண்டியது என்ன என்பதில் இரண்டு பார்வைகள் எழுந்தன. குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்னும் குரங்கு நியாயம் வேதாந்த தேசிகரின் வழிவந்த வடகலையாருடையது என்றும், தாயே குட்டியைக் கவ்விக்கொள்ளும் என்னும் பூனை நியாயம் பிள்ளை உலகாசிரியரின் வழிவந்த தென்கலையாருடையது என்றும் பிற்காலத்தார் பிரித்துச் சொல்வார்கள்.

இந்த இரண்டு ஆசாரியர்களும் வாழ்ந்த காலத்தில்தான் 1323-ல் தில்லிப் படை திருவரங்கத்தின்மீது வந்தது. அன்று அந்த ஊர் இழக்க நேர்ந்தது கொஞ்சமல்ல: கோயில், செல்வம், சுவடிகள், உயிர்கள், கடைசியில் நம்பெருமாளே. கோயில் மரபு சொல்வதைப் பார்ப்போம். மூலவரை மறைக்கச் சந்நிதிக்கு முன் கற்சுவர் எழுப்பினார்கள். பிள்ளை உலகாசிரியர் உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே ஒளிந்து ஒளிந்து போனார். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் உயிர் விட்டார். தேசிகர், உரையாசிரியர் சுதர்சன சூரி தம்மிடம் ஒப்படைத்த சுருதப்பிரகாசிகை உரைச் சுவடியையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்ற, பிணங்களுக்கு நடுவே படுத்துக்கிடந்து தப்பினார். கர்நாடகப் பகுதியில் தஞ்சம் புகுந்திருந்த காலத்தில் அவர் அபீதிஸ்தவம் என்ற வடமொழித் துதியை இயற்றினார். அரங்கத்து மக்களின் அச்சம் நீங்க வேண்டும் என்பதே அதன் வேண்டுதல். நம்பெருமாள் பல ஊர்களில் மறைந்திருந்து 1371-ல்தான் திருவரங்கம் திரும்பினார். 48 ஆண்டுகள்.

பூனை நியாயத்தின் ஆசாரியர், எல்லாவற்றையும் பெருமாளே பார்த்துக்கொள்வார் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. காக்க வேண்டிய பெருமாளைத் தாமே சுமந்துகொண்டு காட்டுவழியில் நடந்தார். சரணாகதி என்பது கைகட்டி நிற்பது என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டாம். விளைவைப் பற்றிய அச்சத்தைத்தான் அவர்கள் ஒப்படைத்தார்கள், வேலையை ஒப்படைக்கவில்லை. தேசிகர் அச்சத்தை மறைக்கவும் இல்லை. அஞ்சாமை வேண்டும் என்று துதி பாடுகிறவர் அஞ்சுகிறவர்தானே? அச்சம் இருப்பதை ஒப்புக்கொண்டு அதைக் கடவுளிடமே கொண்டுபோவது அந்தத் துதியின் வழி.

மூன்றாம் விடை: வழக்காடும் பக்தி

மூன்றாவது விடை நம் ஊர் மேடைகளில் குறைவாகவே கேட்கிறது. கடவுளிடம் சண்டை பிடிக்கலாம் என்பது அது.

தமிழில் இதற்குச் சுந்தரரைவிடப் பெரிய சாட்சி இல்லை. மனைவி சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று திருவொற்றியூரில் கொடுத்த வாக்கை மீறி ஊரெல்லை தாண்டியதும் பார்வை போயிற்று. வழியில் திருவெண்பாக்கத்தில், கோயிலுக்குள் இருக்கிறாயா என்று சிவனிடமே கேட்டார். கண் கிடைக்கவில்லை, ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண், திருவாரூரில்தான் வலக்கண். இடையில் அவர் பாடிய பதிகங்களில் கெஞ்சலும் உண்டு, ஏச்சும் உண்டு, வாழ்த்துவதுபோல் இடித்துரைக்கும் கிண்டலும் உண்டு. அவற்றைச் சைவம் நீக்கவில்லை. தேவாரமாக ஓதுகிறது. திருவெண்பாக்கம் பின்னாளில் பூண்டி நீர்த்தேக்கத்துக்காக மூழ்கடிக்கப்பட்டது; சென்னைக்குக் குடிநீர் தரும் அந்த ஏரி 1944-ல் கட்டி முடிக்கப்பட்டது. பூண்டியில் இடம் மாற்றிக் கட்டப்பட்ட ஊன்றீசுவரர் கோயிலில் நந்திக்கு ஒரு கொம்பு ஒடிந்திருக்கிறது. கோபத்தில் சுந்தரர் வீசிய கோல் பட்டு ஒடிந்தது என்பது தலபுராணம். பக்தன் கடவுளைக் கோபித்ததன் அடையாளத்தை யாரும் சீர் செய்யவில்லை.

யோபு நூலும் இதையே வேறு விதத்தில் சொல்கிறது. நண்பர்கள் மூவர் வந்தார்கள். ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. வாய் திறந்ததும் கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும், கடவுள் நீதிமான், அடங்கிப் போ என்று அடுக்கினார்கள். யோபு கடவுளையே வழக்குக்கு இழுத்தார். நூலின் முடிவில் கடவுள் கண்டிப்பது நண்பர்களைத்தான். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபு என்கிறார். கடவுளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் தோற்று, வழக்காடியவர் வென்ற வழக்கு அது.

அழுவது நம்பிக்கைக் குறைவு என்ற எண்ணத்தை நபிகள் வரலாறும் ஏற்கவில்லை. அவருடைய மகன் இப்ராகீம் 632-ல், இரண்டு வயது நிறைவதற்குள் இறந்தபோது அவர் கண்ணீர் விட்டார். தாங்களுமா அழுகிறீர்கள் என்று தோழர் கேட்க, அது இரக்கம் என்று விளக்கினார். அன்று சூரிய கிரகணமும் நேர்ந்தது. பிள்ளையின் இறப்புக்காகத்தான் கிரகணம் என்று மக்கள் பேசிக்கொண்டபோது, எவருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் கிரகணம் வராது என்று மறுத்தார். சொந்த இழப்பின் நடுவிலும் அதற்கு விண்ணுலகப் பொருள் கற்பிக்க அவர் இடம் தரவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலும் இந்த வரிசை தொடர்கிறது. ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் துன்பத்தின் சிக்கல் பற்றி 1940-ல் தெளிவான வாதங்களோடு ஒரு நூல் எழுதினார். 1960-ல் மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்த பிறகு, 1961-ல் புனைபெயரில் வெளியிட்ட துக்கக் குறிப்புகளில் அந்தத் தெளிவு இல்லை. கடவுள்மீது கோபம் இருக்கிறது. அமெரிக்க யூதக் குரு ஹரால்ட் குஷ்னரின் மகன் விரைவில் மூப்படையும் அரிய நோயால் 14 வயதில் இறந்தான். 1981-ல் அவர் எழுதிய நூலில், கடவுள் எல்லாவற்றையும் தடுக்க வல்லவர் என்ற கோட்பாட்டையே கைவிட்டு, துன்பத்தில் உடனிருப்பவர் என்பதைப் பற்றிக்கொண்டார். இருவரும் நம்பிக்கையை விடவில்லை. முன்பு மற்றவர்களுக்குச் சொன்ன விடையைத் தமக்குச் சொல்லிக்கொள்ளும்போது அது போதவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள்.

பகுத்தறிவாளர் மறுப்பு

அச்சம்தான் கடவுளைப் படைத்தது என்பது இந்த நம்பிக்கைக்கு எதிரான வலுவான வாதம். சிக்மண்ட் பிராய்ட் 1927-ல் எழுதிய நூலில், இயற்கையின் முன் துணையற்று நிற்கும் மனிதன் தந்தைப் பாதுகாப்பை வானத்தில் தேடுவதே சமயம் என்றார். தமிழ்நாட்டில் பெரியார் இதை மேடைதோறும் எளிய தமிழில் பேசினார்.

பெரியாரின் வாதத்தைவிட அவருடைய வாழ்க்கை இந்த ஆய்வுக்குப் பயன்படும். 1933 மே 11 அன்று நாகம்மையார் இறந்தார். தமக்குப் பக்கபலமாக இருந்த மனைவியைப் பற்றிக் ‘குடி அரசு’ இதழில் எழுதியபோது, அவரால் தாம் பெற்றதையெல்லாம் சொல்லிவிட்டு, இந்தப் பிரிவு பொதுவேலைக்குக் கூடுதல் விடுதலை தருவதாகத் தமக்கு நன்மையாகவே அமையட்டும் என்று முடித்தார். துறவிக்குரிய பற்றின்மை அது. ஆனால் எழுதியவர் கடவுள் மறுப்பாளர். ஆகவே இழப்பை அஞ்சாமல் எதிர்கொள்ள இறைநம்பிக்கை ஒன்றே வழி என்று சொல்ல முடியாது. தன்னைவிடப் பெரிய ஒன்றுக்குத் தன்னைக் கொடுத்தவருக்கும் அந்தத் திடம் வாய்க்கிறது. நம்பிக்கையாளர் சொல்லிக்கொள்ளக் கூடியது இவ்வளவுதான்: கோடிக்கணக்கான எளிய மக்களுக்கு அந்தப் பெரிய ஒன்றாகக் கைக்கெட்டுவது கடவுளே.

ஆய்வுகள் காட்டுவது

சமயமும் மரண அச்சமும் பற்றி 1961 முதல் 2014 வரை வெளிவந்த ஏறத்தாழ 100 ஆய்வுகளை ஜோனதன் ஜாங்கும் உடன் ஆய்வாளர்களும் 2017-ல் தொகுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றில் இரண்டுக்கும் தொடர்பே தென்படவில்லை. சிலவற்றில் சமயப் பற்றுள்ளவர்களே கூடுதலாக அஞ்சினார்கள். கோயிலுக்குப் போகிறவர் அஞ்சமாட்டார் என்ற பொது முடிவுக்கு அறிவியல் ஆதரவு இல்லை என்றே இதற்குப் பொருள்.

ஆனால் நம்பிக்கையின் வகையைப் பிரித்துப் பார்த்தால் படம் மாறுகிறது. கார்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும் 1967-ல் ஒரு பாகுபாடு செய்தார்கள். சமயத்தையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் ஒரு வகை. பாதுகாப்பு, மதிப்பு, உறவு போன்ற வேறு பயன்களுக்காகச் சமயத்தைக் கைக்கொள்பவர்கள் மற்றொரு வகை. மேற்சொன்ன தொகுப்பு ஆய்வில், முதல் வகையினரிடம் மரண அச்சம் குறைவாகவும் இரண்டாம் வகையினரிடம் கூடுதலாகவும் காணப்பட்டது. கொடுக்கல் வாங்கல் பக்தி அச்சத்தை வளர்க்கும் என்று மேலே சொன்னதற்கு இது துணை நிற்கிறது.

இன்னோர் ஆய்வு ஓர் எச்சரிக்கை. கென்னத் பார்கமென்ட் குழுவினர் அமெரிக்காவில் 596 முதிய நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். கடவுள் தம்மைக் கைவிட்டாரோ, தம்மீது அன்பில்லாமல் போனாரோ என்று ஐயுற்றவர்களுக்கும், நோய் பேயின் வேலை என்று கருதியவர்களுக்கும், அந்தக் காலத்துக்குள் இறக்கும் வாய்ப்பு 19 முதல் 28 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது. தொடர்பைத்தான் இது காட்டுகிறது, காரணத்தை அல்ல; ஆனாலும் தண்டிக்கும் கடவுளைப் பற்றிய பேச்சை நோயாளியின் படுக்கையருகே தவிர்க்க இது போதும். நோய்ப் படுக்கையில் கிடப்பவரிடம் கர்மவினை பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நம்பிக்கையின் எல்லைகள்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்பைப் போடு என்ற கருத்துள்ள நபிமொழி பலருக்கும் தெரியும். கட்டாமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவை அண்டித் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்கள் குணமாவார்கள் என்று குடும்பத்தார் கொண்டிருந்த நம்பிக்கையில் குறையில்லை. மருத்துவமும் மேற்பார்வையும் இல்லாத இடத்தில் அந்த நம்பிக்கை சுரண்டப்பட்டது. பின்னர் ஏர்வாடியில் ‘தவா-துவா’ என்ற திட்டம் வந்தது. மருந்தும் பிரார்த்தனையும் ஒரே வளாகத்தில். மனநல மருத்துவர் பார்க்கிறார், மாத்திரை தருகிறார். தர்கா வழிபாட்டுக்கும் தடை இல்லை. இந்த ஏற்பாடே முதலில் இருந்திருக்க வேண்டியது. தூங்க முடியாத, சாப்பிட முடியாத, ஓயாமல் நெஞ்சு படபடக்கும் அச்சம் மாதக்கணக்கில் நீடித்தால் அது நோய். அதற்குச் சிகிச்சை எடுப்பது நம்பிக்கைக்குத் துரோகம் ஆகாது.

இன்னோர் எல்லை, முடிவே தெரியாத இழப்பு. ஈழத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் அச்சத்துக்கும் துக்கத்துக்கும் நடுவே நிற்கின்றன. ஒப்படைத்துவிடு என்று அவர்களில் ஒரு தாயிடம் சொன்னால், பிள்ளை இறந்துவிட்டான் என்று ஏற்கச் சொல்வதாகிவிடும். மானிடவியலாளர் பட்ரிசியா லாரன்ஸ், போர்க்கால மட்டக்களப்பில் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களைப் பற்றி ஆராய்ந்தார். மகனைப் பற்றி வெளியில் கேட்க முடியாத காலத்தில், தாய்மார் அம்மன் சந்நிதியில் கேட்டார்கள். அங்கே அழவும் முடிந்தது. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியதும் கந்தசாமி கோயில் முன்றலில்தான். வேண்டுதலும் நீதிகேட்டலும் ஒரே இடத்தில் நின்றன. மனிதர் செய்த இழப்புக்கு மனிதரிடம் கணக்குக் கேட்க வேண்டும். அதைக் கடவுள் சித்தம் என்று மூடிவிடுவது குற்றவாளிக்குத்தான் நன்மை.

முடிவுரை

பார்த்தவற்றைத் தொகுத்தால் முடிவு இது. இழக்கவே மாட்டாய் என்று உறுதி தரும் நம்பிக்கை நல்ல நாளில் துணை நிற்கும். கெட்ட நாளில் பழியாக மாறும். உன்னுடையது அல்ல, உன்னிடம் ஒப்படைக்கப்பட்டது என்னும் நம்பிக்கைதான் அச்சத்தின் வேரைத் தளர்த்துகிறது. ஆனால் அது தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. உம்மு சுலைமும் பெரூரியாவும் சொல்லலாம். யோபுவின் நண்பர்கள் சொல்லக் கூடாது. அதோடு, அழவும் ஏசவும் கேள்வி கேட்கவும் இடம் தராத நம்பிக்கை வெறும் அடக்குமுறை. சுந்தரருக்குக் கிடைத்த அந்த உரிமை சாதாரணப் பக்தருக்கும் உண்டு. பெருமாளைச் சுமந்துகொண்டு நடந்தவர்களைப் போலச் செய்ய வேண்டிய வேலையைச் செய்தபடியே நம்புவதுதான் சரணாகதி. மருந்து, சேமிப்பு, காப்பீடு, வழக்கறிஞர் எதையும் அது விலக்கச் சொல்லவில்லை.

நடைமுறைக்கு ஒன்று சொல்லலாம். அச்சம் வரும்போது வேண்டுதலை மாற்றிப் பாருங்கள். ‘இதை என்னிடமிருந்து எடுக்காதே’ என்பதோடு, ‘இருக்கும்வரை இதை நான் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், போனால் என்னை நீ பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். துக்க வீட்டுக்குப் போனால் ‘எல்லாம் ஆண்டவன் செயல்’ என்று தொடங்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் செய்த நல்ல காரியம் அந்த முதல் ஏழு நாட்கள் மட்டுமே. உட்காருங்கள், அவர்கள் பேசினால் கேளுங்கள், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கும் மருத்துவமனைப் பாக்கிக்கும் வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.